ஷோனா கற்சிற்பத்தில் மனிதத் தலை ஏன் பாதியில் விட்டதுபோல் இருக்கிறது?

கேள்வி இது: "ஹராரேயில் வேலை பார்க்கும் அண்ணன் ஊருக்கு வந்தபோது ஒரு கருங்கல் தலை கொண்டுவந்து கொடுத்தார். ஓரடி உயரம் இருக்கும். முன்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, பின்பக்கம் துருப்பிடித்த இரும்பு மாதிரி கரடுமுரடு. கண் ஒன்றுதான். மூக்கு வெறும் கோடு. 'ஷோனா பழங்குடிச் சிற்பம்' என்கிறார். இது உண்மையிலேயே பழங்காலக் கலையா? முடிக்காமல் விட்டுவிட்டார்களா? இதை எப்படிப் பார்ப்பது?"

முடித்த சிற்பம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். பின்பக்கத்தில் துருப்பிடித்ததுபோல் தெரிவது அந்தக் கல்லின் தோல். சிற்பி யோசித்து, வேண்டுமென்றே விட்டுவைத்த இடம் அது. ஆனால் பழங்காலக் கலை அல்ல. உங்கள் அண்ணன் தந்த தலைக்குப் பின்னால் இருக்கும் மரபுக்கு ஏறக்குறைய எழுபது வயதுதான் ஆகிறது.

நான் ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். ஷோனா என்பவர்கள் அந்த நாட்டின் பெரும்பான்மை மக்கள். கட்டட வேலைதான் பிழைப்பு. ஆனால் சனிக்கிழமை வந்தால் நகருக்குத் தெற்கே சிட்டுங்விசாவில் இருக்கும் கலை மையத்துக்குப் போய்விடுவேன். திறந்தவெளியில் மரத்தடியிலும் தகரக் கூரையடியிலும் சிற்பிகள் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருப்பார்கள். அங்கே கண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கல்லிலிருந்து தொடங்கினால்தான் தலை புரியும். ஜிம்பாப்வேயின் நடுவே வடக்கு தெற்காக ஏறக்குறைய 550 கிலோமீட்டர் நீளத்துக்கு 'கிரேட் டைக்' என்றொரு பாறைத்தொடர் ஓடுகிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து பொங்கி வந்து இறுகிய பாறை. அதில் நீர் சேர்ந்து மாறி உருவானதுதான் செர்பென்டைன் என்ற கல் வகை. சிற்பிகள் அதற்குள்ளேயே பல பெயர் சொல்வார்கள். கருமையும் கடினமும் கொண்டது ஸ்பிரிங்ஸ்டோன். இளம்பச்சையில் மெல்லிய புள்ளிகளோடு பால்போல மின்னுவது ஓபல் ஸ்டோன். இவை தவிர ஊதா நிறத்தில் லெபிடோலைட், ஆழ்ந்த பச்சையில் வெர்டைட். வெர்டைட் அரிது, விலையும் அதிகம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது ஸ்பிரிங்ஸ்டோனாக இருக்கலாம்.

ஸ்பிரிங்ஸ்டோன் மண்ணுக்கடியில் கிடக்கும்போது காலப்போக்கில் வெளிப்புறம் மக்கி, செம்பழுப்பில் ஒரு தோல் கட்டிக்கொள்ளும். கல்லில் இரும்புச் சத்து அதிகம் என்பதால் வரும் நிறம் அது. கடப்பாரையால் நெம்பி, கையால் தோண்டி எடுக்கிறார்கள். வெளியே வரும் கல் உருண்டையாகவோ பலகையாகவோ கொம்புபோல நீண்டோ இருக்கும். அப்படியே ஒரு வடிவம் அதற்குள் இருக்கும்.

சிற்பி முதல் நாளில் கொத்த மாட்டார். கல்லைப் புரட்டிப் போட்டுப் பார்ப்பார், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஈரத்தில்தான் மெருகேறிய பின் வரப்போகும் நிறம் தெரியும். விரிசல் இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். பிறகு கூர் உளி, பல் வைத்த சுத்தியல், அரம். அதற்கப்புறம் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பது. முரட்டுத் தாளில் தொடங்கி மிக நைசான தாள் வரை படிப்படியாக. சின்னத் தலைக்கே நாள்கணக்கில் ஆகும். பெரும்பாலும் குடும்பத்து இளையவர்களும் பழகவந்த பையன்களும்தான் தேய்ப்பார்கள். கடைசியில் கல்லைத் தீயில் சூடாக்கி, சுடச்சுட மெழுகு பூசுவார்கள். வெளிறிக் கிடந்த கல் மெழுகைக் குடித்ததும் கறுத்துப் பளபளக்கும். அந்த நொடியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. மெருகிட்ட இடம் கறுப்பு. உளி பட்டு, மெருகிடாத இடம் சாம்பல் வெளுப்பு. தொடாமல் விட்ட தோல் செம்பழுப்பு. ஒரே கல், மூன்று நிறம். வண்ணம் எதுவும் தீட்டாமல் இந்த மூன்றை வைத்தே சிற்பி எழுதுகிறார். முகம் கறுப்பில் ஒளிரும், கழுத்தோரம் வெளுப்பில் மங்கும், கூந்தலோ முதுகோ பழுப்புத் தோலாகவே நின்றுவிடும். ஆகவே இந்தத் தலைகளைப் பார்க்கும்போது எதைச் செதுக்கியிருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எதைச் செதுக்காமல் விட்டிருக்கிறார் என்று தேடுங்கள். சிற்பியின் கை அங்கேதான் தெரியும்.

இனி, இது எப்போது தொடங்கியது என்ற கதை.

ஷோனா மக்களின் நாட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. நாட்டின் பெயரே கல்வீடுகள் என்று பொருள் தரும் ஷோனாச் சொற்களிலிருந்து வந்தது. பதினோராம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை எழும்பிய 'கிரேட் ஜிம்பாப்வே' கற்கோட்டையில், மாக்கல்லில் செதுக்கிய பறவைகள் கிடைத்தன. நாம் கல்சட்டி செய்கிற அதே மாக்கல் இனம்தான். அந்தப் பறவைதான் இன்று நாட்டின் கொடியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பறவைகளுக்கும் இன்றைய தலைகளுக்கும் இடையில் கைமாறி வந்த கல் தச்சு மரபு எதுவும் இல்லை. நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. வணிகர்கள் இரண்டையும் ஒரே நூலில் கோத்துச் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

இடையில் தொடர்ந்து இருந்தது மரவேலை. அதில் தலையோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று உண்டு: முட்சாகோ எனப்படும் மரத் தலையணை. ஆண்கள் படுக்கும்போது கழுத்துக்குக் கீழே வைத்துக்கொள்வது. உறக்கத்தில், கனவில், முன்னோரைச் சந்திக்கலாம் என்ற நம்பிக்கையோடு அது சேர்ந்தே இருந்தது. அதன் தாங்குபகுதியில் வட்டங்களும் முக்கோணங்களும் செதுக்கியிருப்பார்கள். அந்த வட்டங்களும் கோடுகளும் பெண்ணுடலைக் குறிப்பவை, அதற்குத் தலை மட்டும் கிடையாது, படுப்பவரின் தலை வந்து சேரும்போதுதான் உருவம் நிறைவடைகிறது என்று ஆய்வாளர்கள் தரும் விளக்கம் ஒன்று உண்டு. மனித உடலை வட்டமாகவும் கோடாகவும் சுருக்கிச் சொல்வது அந்த மக்களுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பாரிஸிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுத்தது அல்ல அது.

பாரிஸிலிருந்து ஒருவர் வரத்தான் செய்தார். பெயர் ஃபிராங்க் மெக்யூவன். அன்றைய தெற்கு ரொடீசியாவின் தலைநகர் சாலிஸ்பரியில், அதாவது இன்றைய ஹராரேயில், 1957இல் திறந்த தேசியக் கலைக்கூடத்தின் முதல் இயக்குநர். அதற்கு முன் பாரிஸில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். பிக்காசோ காலத்துக் கலையுலகத்தை நேரில் அறிந்தவர். வெள்ளையர் ஆட்சியில், வெள்ளையருக்காகக் கட்டிய கலைக்கூடத்தில், அங்கே காவல் காத்த, துடைத்துப் பெருக்கிய கறுப்பின ஊழியர்களுக்கு அவர் வண்ணமும் தாளும் கொடுத்தார். தாமஸ் முக்காரொப்க்வா அப்படி வந்தவர். முதலில் ஓவியம், பிறகு கல்.

அதே நேரம் கிழக்கு மலைப்பகுதியான நியாங்காவில் ஜோரம் மாரிகா என்ற வேளாண் துறை அலுவலர் தாமாகவே மென்கல்லில் செதுக்கிக்கொண்டிருந்தார். அங்கே பச்சை நிற மென்கல் கிடைத்தது. முதலில் செய்தவை கிண்ணங்களும் தட்டுகளும். மெக்யூவனைச் சந்தித்த பின் கடினக் கல்லுக்கும் மனித உருவத்துக்கும் போனார். இன்று ஜிம்பாப்வே சிற்பத்தின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். தம் உறவுப் பையன்கள் ஜான், பெர்னார்ட், லாசரஸ் டகாவிரா மூவரையும் பழக்கியவர் அவரே.

மூன்றாவது ஊற்று வடக்கே, குருவே பக்கம் தெங்கெனெங்கே என்ற புகையிலைப் பண்ணை. 1965 நவம்பரில் இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாக விடுதலை அறிவிக்க, உலக நாடுகள் பொருளாதாரத் தடை போட்டன. புகையிலை விற்கவில்லை. பண்ணை உரிமையாளர் டாம் புளோம்ஃபீல்ட் என்ன செய்வதென்று தவித்தபோது, கிரிஸ்பன் சகன்யுகா என்ற சிற்பி அவர் நிலத்திலேயே செதுக்கத் தோதான கல் இருப்பதைக் காட்டினார். 1966இல் பண்ணை சிற்பக் கிராமம் ஆனது. கூலியாட்களாக இருந்தவர்கள் உளி பிடித்தார்கள். அவர்களில் மலாவிக்காரர்கள் உண்டு, மொசாம்பிக்காரர்கள் உண்டு, அங்கோலாவிலிருந்து வந்தவர்கள் உண்டு. 'ஷோனா சிற்பம்' என்ற பெயர் அவர்கள் எல்லோரையும் மறைத்துவிடுகிறது. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்காக ஒட்டிய சீட்டு அது. ஒட்டியது ஒட்டியபடியே நின்றுவிட்டது. ஜிம்பாப்வே கற்சிற்பம் என்று சொல்வதே சரி.

இனி தலைக்கு வருவோம். ஏன் இத்தனை தலைகள்?

எளிய காரணம், கல்லின் உருவம். மண்ணிலிருந்து உருண்டு வரும் கல்லில் கை கால் பிரித்தெடுப்பது கடினம், உடையும். ஆனால் தலை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இன்னொன்று, இந்தச் சிற்பிகள் தலையைத்தான் மனிதனின் இருப்பிடமாகப் பார்த்தார்கள். உடலோடு செய்தாலும் தலையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினார்கள். ஷோனாவில் தலைக்கு 'முசோரோ' என்று பெயர். ஒரு முதிய சிற்பியிடம் "ஏன் முழு ஆளைச் செய்வதில்லை?" என்று கேட்டேன். "முசோரோ வந்துவிட்டால் ஆள் வந்துவிட்டான்" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

மூன்று பேரின் தலைகளைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றுக்கும் கண் பழகிவிடும்.

ஹென்றி முன்யரட்ஸி (1931–1998). குருவே பக்கத்துக்காரர். கொல்லுப்பட்டறையிலும் புகையிலை தரம்பிரிக்கும் இடத்திலும் வேலை பார்த்தவர். 1967இல் தெங்கெனெங்கே வந்தார். அவருடைய தலைகளைப் போல் குறைவாகச் செதுக்கிய தலைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தட்டையான கல். அதில் வட்டமாக இரண்டு கண். நெற்றியிலிருந்து நேராக இறங்கும் இரண்டு கோடு மூக்கு. வாய்க்குச் சின்னக் கீறல். அவ்வளவுதான். கல்லின் விளிம்பு எப்படி வளைந்து வந்ததோ அப்படியே தலையின் ஓரம் ஆகிவிடும். ஆனாலும் ஒவ்வொன்றும் வேறு ஆள். ஒன்று பயந்திருக்கும், ஒன்று காத்திருக்கும், இன்னொன்று நம்மை எடை போடும். மேற்கத்திய விமர்சகர்கள் அவரை ஐரோப்பிய நவீன ஓவியர் பால் க்ளீயோடு ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு எனக்கு உறுத்தல். க்ளீ வேறெங்கோ கற்ற எளிமைக்குத் திரும்பியவர். ஹென்றி கலைப் பள்ளியையே பார்க்காதவர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, எங்கே எத்தனை அடி போதும் என்று பழகிய கை அது.

நிக்கோலஸ் முகோம்பெரான்வா (1940–2002) நேர் எதிர். புஹேராவில் பிறந்து செரிமா மிஷன் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியை நடத்திய சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஜான் குரோபர் பிள்ளைகளுக்கு வடிவியல் அடிப்படையில் வரையவும் மரம் செதுக்கவும் கற்றுக்கொடுத்தார். மாதா கோயிலுக்கான தூண்களையும் கதவுகளையும் மாணவர்களே செதுக்கினார்கள். நிக்கோலஸ் பிறகு சாலிஸ்பரியில் போலீஸ்காரராக இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் கல் செதுக்கினார். எழுபதுகளின் நடுவில்தான் வேலையை விட்டு முழுநேரச் சிற்பி ஆனார். அவருடைய தலைகளில் கத்தியால் வெட்டியதுபோல் தளங்கள் மோதும். மூக்கின் ஓரம் நீண்டு புருவமாகி, புருவம் வளைந்து கன்னத்துக்கு எல்லை ஆகும். ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒருவர், சுற்றி வந்தால் இன்னொருவர். பல சிற்பங்களில் ஒரு கண் மட்டும் இருக்கும், மற்றது நிழலுக்குள் போய்விடும் அல்லது இரண்டாம் முகத்துக்குச் சொந்தமாகிவிடும். உங்கள் தலையில் ஒற்றைக் கண் இருக்கிறது என்று படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. அவர் செய்தது என்று சொல்லவில்லை. அவர் வழியில் பழகிய கைகள் ஏராளம், அவருடைய பிள்ளைகளே பலர் சிற்பிகள். முன்னும் பக்கவாட்டும் ஒரே தளத்தில் வரும் அந்த முறையைக் கண்டுகொண்டால், 'ஒரு கண்தான் இருக்கிறதே' என்ற குழப்பம் நீங்கிவிடும். சிற்பத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மறுபக்கத்தில் வேறு முகம் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு.

மூன்றாமவர் ஜான் டகாவிரா (1938–1989). நான் மேலே சொன்ன கரடுமுரடுத் தோலை மொழியாகவே ஆக்கியவர்களில் முக்கியமானவர். மெருகேறிய பெண் முகம், அதன் பின்னால் காற்றில் பறப்பதுபோல் முரட்டுக் கல் கூந்தல். முகம் கல்லுக்குள்ளிருந்து இப்போதுதான் வெளியே வருகிறதா, உள்ளே திரும்பிப் போகிறதா என்று சொல்ல முடியாது. 1969இல் மெக்யூவன் நியாங்கா மலையில் வுகுடு என்ற இடத்தில் ஒரு பட்டறை அமைத்தார். ஊர் இரைச்சலும் சுற்றுலாப் பயணிகளும் எட்டாத இடம். ஜான் அங்கே செதுக்கினார். அவர் தம்பி லாசரஸும் பெண் தலைகளுக்குப் பெயர் பெற்றவர்.

இவர்களின் படைப்புகள் 1971இல் பாரிஸ் ரோடான் அருங்காட்சியகம் வரை போயின. இரண்டு ஆண்டு கழித்து, 1973இல், அன்றைய அரசோடு ஒத்துப்போக முடியாமல் மெக்யூவன் நாட்டைவிட்டே வெளியேறினார். 1980இல் நாடு விடுதலை பெற்றது. இந்தியாவுக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு: தெங்கெனெங்கேயின் பெர்னார்ட் மடெமெராவுக்கு 1986 டெல்லி திரைனாலே கலைக் கண்காட்சியில் லலித் கலா அகாடமி பரிசு கிடைத்தது. புடைத்த கண்களும் மூன்றே விரல்களும் கொண்ட அவருடைய உருவங்கள் கனவில் மிரட்டும் வகை. பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

'ஆவி' பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கடைக்காரர் உங்கள் அண்ணனிடம் நிச்சயம் சொல்லியிருப்பார்: கல்லுக்குள் முன்னோர் ஆவி இருக்கிறது, சிற்பி அதை விடுவிக்கிறார் என்று. ஷோனா மக்களின் வாழ்க்கையில் வட்சிமு, அதாவது முன்னோர், உயிரோடு இருப்பவர்களைப் போலவே இடம் பெற்றவர்கள். அதை யாரும் மறுக்க முடியாது. மாரிகா தலைமுறையினர் பலர் அந்த நம்பிக்கையோடுதான் கல்லைத் தொட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தலையும் ஆவிதான் என்பது மெக்யூவன் காலத்தில் வலுப்பெற்று, விற்பனைக்குக் கைகொடுத்த பேச்சு. ஜிம்பாப்வேயிலேயே விமர்சகர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். நான் கண்ட சிற்பிகளில் பலர் கிறிஸ்தவர்கள். தலை செதுக்கிய ஒருவரிடம் யார் இது என்று கேட்டால், "என் மனைவி கோபமாக இருக்கும்போது" என்பார். இன்னொருவர் "மழைக்குக் காத்திருப்பவன்" என்பார். ஆவி என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்தத் தனி மனிதர்கள் காணாமல் போகிறார்கள். 'பழங்குடிச் சிற்பம்' என்ற சொல் எனக்கு ஆகாததும் அதனால்தான். அது பெயரில்லாத கூட்டத்தின் வேலை என்று ஆக்கிவிடுகிறது. இவர்கள் பெயர் உள்ள கலைஞர்கள். பிக்காசோவின் தலையைப் பார்த்து 'ஸ்பெயின் நாட்டுக் கைவினை' என்று நாம் சொல்வதில்லை.

இப்போது உங்கள் கையில் இருப்பது நல்லதா என்று பார்க்கும் வழி. முதலில் அடிப்பாகத்தைப் புரட்டுங்கள். சிற்பி பெயரையோ முதலெழுத்தையோ கீறியிருப்பார். பெயர் இல்லாவிட்டால் அதனாலேயே மட்டம் என்று அர்த்தமில்லை, ஆனால் அண்ணனிடம் எங்கே, யாரிடம் வாங்கினார் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிறகு எடை. ஓரடி ஸ்பிரிங்ஸ்டோன் தலை சாதாரணமாகப் பத்துப் பதினைந்து கிலோ வரும். கையில் லேசாகத் தூக்க முடிந்தால் சந்தேகப்படலாம்.

முதல் வருடம் நான் ஏமாந்தேன். சாலையோரத்தில் கன்னங்கரேலென்று ஒரு தலை, ஸ்பிரிங்ஸ்டோன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் ஈரத்துணியால் துடைத்தபோது துணி கறுத்தது. மாக்கல்லுக்கு ஷூ பாலிஷ் தேய்த்திருந்தார்கள். அன்று எனக்கு வந்த வருத்தம் பணத்துக்காக அல்ல. அந்தச் சாம்பல் நிற மாக்கல் தன் நிறத்திலேயே அழகாக இருந்தது. அதை மறைக்கும் நிலைக்கு ஒரு கைவினைஞரைச் சந்தை கொண்டுவந்து நிறுத்தியதே என்றுதான் வருத்தம். 2000க்குப் பிறகு பொருளாதாரம் சரிந்து சுற்றுலாப் பயணிகள் குறைந்ததும் பலர் ஒரே மாதிரி 'காதலர் தலை'களை அடுக்கடுக்காகச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்குபவர் வித்தியாசம் தெரிந்து வாங்க வேண்டும். அடிப்பாகத்தின் ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். மாக்கல் என்றால் தடம் விழும், ஸ்பிரிங்ஸ்டோனில் விழாது.

அடுத்து, தோல் விட்ட இடத்தைக் கவனியுங்கள். மெருகும் முரடும் சந்திக்கும் கோடு எங்கே ஓடுகிறது? அது காதோரம், தாடை, மயிர் எல்லை என்று ஏதாவது ஒரு பொருளோடு ஓடினால் சிற்பி யோசித்திருக்கிறார். கல் முடிந்த இடத்தில் ஏனோதானோவென்று நின்றால் அவசர வேலை. தேய்ப்பையும் பாருங்கள்: மூக்கோரத்தின் இடுக்கில், இமைக்குக் கீழே, அரத்தின் கீறல்கள் தெரிகின்றனவா? நல்ல பட்டறையில் அந்த இடுக்குகளைத்தான் அதிக நேரம் தேய்ப்பார்கள்.

பராமரிப்பு சுலபம். எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசி ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை தலைமுடி உலர்த்தும் கருவியால் மெருகிட்ட பகுதியைச் சூடாக்கி, நிறமற்ற மெழுகை மெல்லப் பூசி, ஆறியதும் பருத்தித் துணியால் தேயுங்கள். பழுப்புத் தோலிலும் வெளுத்த உளித்தடங்களிலும் மெழுகு படக்கூடாது. பட்டால் அவையும் கறுத்துவிடும், மூன்று நிறம் ஒன்றாகிவிடும். சிற்பத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சுற்றி வர இடம் இருக்கட்டும். மேலிருந்து விழும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த மூக்குக்கோடு மழுங்கிப்போகும். மாலை வெயில் சாய்வாக வரும் ஜன்னலோரத்தில் வைத்து, ஐந்து மணிக்கு ஒருமுறை பாருங்கள். அந்த ஒற்றைக் கண்ணின் ஓரத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று படம் எடுத்துப் போட்டால், எந்தக் கல், எந்த வழிக் கை என்று இன்னும் திட்டமாகச் சொல்லப் பார்க்கிறேன்.